முத்துலட்சுமி பணமும் ராதாபாய் நாற்காலியும்

பனமரத்துப்பட்டியில் ஒரு பெண்ணுக்கு நாள் தள்ளிப்போனால் வீட்டில் இரண்டு பேச்சு கிளம்பும். எந்த ஆஸ்பத்திரிக்குப் போறது என்பது ஒன்று. முத்துலட்சுமி பணத்துக்குப் பதிஞ்சாச்சா என்பது இன்னொன்று. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் நர்ஸம்மாவிடம் பெயர் கொடுத்து, பிக்மி நம்பர் வாங்கி, பேங்க் பாஸ்புக் ஜெராக்ஸையும் கொடுத்துவிட்டு வந்தால்தான் மாமியார்களுக்கு நிம்மதி. பிரசவத்தில் சிக்கல் வரலாம் என்று தெரிந்தால் சேலத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே எல்லாருக்கும் அது பெரியாஸ்பத்திரி. அதன் முழுப்பெயர் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

ஆக, எங்க ஊர்ப் பெண் ஒருத்தி பிள்ளை பெற்று வீடு திரும்புவதற்குள் இரண்டு பெயர்களைக் கடந்து வருகிறாள். விண்ணப்பத்தில் இருப்பது பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்றத்துக்குள் நுழைந்த முதல் பெண்ணின் பெயர். ஆஸ்பத்திரி வாசலில் இருப்பது, டெல்லியில் மத்திய மேலவைக்குள் நுழைந்த முதல் பெண்ணின் மகன் பெயர். அந்த அம்மாவின் பெயர் ராதாபாய் சுப்பராயன். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் குமாரமங்கலம் ஜமீன் வீட்டுக்கு மருமகளாக வந்தவர். எங்க சேலம் ஜில்லாக்காரர் என்று தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் பள்ளியிலோ கல்லூரியிலோ ஒரு வாத்தியாரும் எனக்கு அவர் பெயரைச் சொன்னதில்லை.

ஒரே காலத்தில் வாழ்ந்த இந்த இரண்டு பேரும் ஒரு முக்கியமான விஷயத்தில் எதிரெதிர்ப் பக்கம் நின்றவர்கள். அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. ஒருவருக்குத் திட்டமும் சிலையும் பிறந்தநாளும் இருக்கிறது. இன்னொருவருக்கு மகன் பெயரில் கட்டடம் இருக்கிறது. இறந்துபோன ஒரு பெண் தலைவரை நாம் எப்படி நினைவில் வைக்கிறோம், எதை வசதியாக விட்டுவிடுகிறோம் என்று யோசிக்க இதைவிடப் பொருத்தமான ஜோடி எனக்குக் கிடைக்கவில்லை.

*

முத்துலட்சுமி 1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தார். அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியில் முதல்வராக இருந்தவர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். பின்னாளில் சட்டமன்றத்தில் அவர் பேசியதற்கெல்லாம் வேர் இந்த வீட்டில்தான் இருக்கிறது. ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் அவரைச் சேர்க்க எதிர்ப்பு வந்தபோது புதுக்கோட்டை மன்னர் அனுமதி கொடுத்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரி. 1912இல் பட்டம். 1914இல் மருத்துவர் சுந்தர ரெட்டியோடு கல்யாணம். தன்னைச் சமமாக மதிக்க வேண்டும், தன் வேலைக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று முன்கூட்டியே பேசி முடித்த கல்யாணம் அது.

சென்னை மாகாணத்தில் 1921இல் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தது. இந்திய மாகாணங்களில் இதுதான் முதல். ஆனால் சொத்து, வரி என்று தகுதி வைத்த ஓட்டு. அரளித் தோட்டத்தில் கருக்கலிலேயே மொட்டுப் பறிக்கப் போகிற எங்க ஊர்க் கூலிக்காரப் பெண் அந்தக் கணக்குக்குள் எங்கேயும் வரமாட்டாள். பெண்கள் சட்டமன்ற உறுப்பினராகலாம் என்ற நிலை 1926இல்தான் வந்தது. அந்த ஆண்டு மங்களூரில் கமலாதேவி சட்டோபாத்யாய தேர்தலில் நின்று சொற்ப வித்தியாசத்தில் தோற்றார். முத்துலட்சுமி தேர்தலில் நிற்கவில்லை. இந்திய மாதர் சங்கம் பரிந்துரைத்தது, அரசு நியமித்தது. இந்த நியமனம் என்ற சொல்லைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்கள் உட்கார்ந்திருந்த அவையில் அவர் ஒருவர்தான் பெண். அந்த அவையே அவரை ஒருமனதாகத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அப்போது மாகாணத்தின் முதல் மந்திரி யார் தெரியுமா? ப. சுப்பராயன். ராதாபாயின் வீட்டுக்காரர், குமாரமங்கலம் ஜமீன்தார். 1926 டிசம்பரிலிருந்து 1930 அக்டோபர் வரை அவர் ஆட்சி. முத்துலட்சுமியின் சட்டமன்ற வாழ்க்கை முழுக்க இந்தச் சேலம் ஜில்லாக்காரரின் ஆட்சிக்காலத்துக்குள் அடங்கிவிடுகிறது.

*

அவர் அவையில் என்ன செய்தார் என்று கேட்டால் எல்லாரும் ஒரு கதையைச் சொல்வார்கள். தேவதாசி முறைக்கு ஆதரவாகப் பேசிய சத்தியமூர்த்தியை ஒரே கேள்வியில் வாயடைக்கச் செய்தார் என்கிற கதை. மேடையில் சொன்னால் கைதட்டு உறுதி. எனக்கு அந்தக் கதைமேல் பெரிய பிடிப்பு இல்லை. இருபது வருஷம் இழுத்த ஒரு வேலையை அது ஒரு நிமிஷப் பஞ்ச் டயலாக்காகச் சுருக்கிவிடுகிறது.

நடந்தது இப்படி. 1927இல் கோவில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடுவதை நிறுத்தச் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார், அவை ஏற்றது. ஆனால் தீர்மானம் சட்டம் ஆகாது. பொட்டுக்கட்டுவதன் அடியில் இருந்தது நிலம். கோவிலில் ஊழியம் செய்வதற்காக அந்தக் குடும்பங்களுக்கு இனாம் நிலம் விடப்பட்டிருந்தது. ஒரு தலைமுறையில் ஊழியம் நின்றால் நிலம் போய்விடும். அதனால் ஒரு பெண் விரும்பாவிட்டாலும், வயிற்றுப்பாட்டுக்காகத் தன் மகளுக்குப் பொட்டுக்கட்ட வேண்டியிருந்தது. முத்துலட்சுமி முதலில் கை வைத்தது இந்த முடிச்சில். அவர் முயற்சியால் 1929இல் இந்து சமய அறநிலையச் சட்டத்தில் திருத்தம் வந்தது. ஊழியம் செய்யாவிட்டாலும் அந்தப் பெண்கள் நிலத்தை வைத்துக்கொள்ளலாம் என்று ஆனது. ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் பட்டாவைப் பற்றிப் பேசியிருக்கிறார். சட்டம் இயற்றுவது என்றால் என்ன என்று தெரிந்த ஆள் செய்கிற வேலை இது.

பொட்டுக்கட்டுவதையே குற்றமாக்கும் மசோதாவை 1930இல் கொண்டுவந்தார். அதே ஆண்டு காந்தி கைதானதைக் கண்டித்துப் பதவியை ராஜினாமா செய்தார். மசோதா கிடப்பில் போனது. அது சட்டமானது 1947இல், சுதந்திரத்துக்குப் பிறகு, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில். பதினேழு வருஷம்.

இது மட்டும் இல்லை. 1928இல் பெண்ணின் திருமண வயதைப் பதினாறாகவும் ஆணின் வயதை இருபத்தொன்றாகவும் உயர்த்தப் பரிந்துரைக்கும் தீர்மானம் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு வந்த சாரதா சட்டம் பெண்ணுக்குப் பதினாலு வயது என்றுதான் வைத்தது. குழந்தைகளுக்குத் தனி மருத்துவமனை, பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவச் சோதனை, முஸ்லிம் மாணவிகளுக்கு விடுதி, விபச்சார விடுதிகளை ஒழிக்கும் சட்டம் என்று அவர் கேட்டவற்றின் பட்டியல் நீளம். இதையெல்லாம் எழுதி 1930இல், ஒரு சட்டமன்ற உறுப்பினராகத் தன் அனுபவம் என்று ஆங்கிலத்தில் புத்தகமாகவே போட்டார். நாலு வருஷம்கூட அவையில் இல்லாத ஒருவர், போகும்போது மக்களுக்குக் கணக்கு ஒப்படைத்துவிட்டுப் போகிறார். இன்றைக்கு எத்தனை எம்.எல்.ஏ. இதைச் செய்கிறார்கள்?

*

இங்கே ஒரு விஷயத்தை மூடி மறைக்கக் கூடாது. தேவதாசி மசோதாவை எதிர்த்தவர்கள் ஆண்கள் மட்டும் இல்லை. தேவதாசிப் பெண்களே சங்கம் கூடி அரசுக்கு மனு கொடுத்தார்கள். அவர்களில் முக்கியமானவர் பெங்களூர் நாகரத்தினம்மாள், திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குத் தன் காசில் கோவில் எழுப்பியவர். எங்களையும் விபச்சாரம் செய்பவர்களையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள், எங்களுக்குச் சொத்துரிமை இருக்கிறது, சங்கீதமும் நாட்டியமும் இருக்கிறது, எங்களைக் கேட்காமல் எங்களைச் சீர்திருத்தாதீர்கள் என்பது அவர்கள் தரப்பு. அதே மரபில் பிறந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் முத்துலட்சுமி பக்கம் நின்று ஊர் ஊராகப் பேசினார். 1936இல் தாசிகளின் வாழ்க்கையைப் பற்றி நாவலே எழுதினார்.

ஆக இது நல்லவர் கெட்டவர் சண்டை இல்லை. ஒரே மரபின் பெண்களுக்குள் நடந்த விவாதம். சட்டம் வந்த பிறகு பல குடும்பங்கள் தொழிலையும் மரியாதையையும் சேர்த்தே இழந்தன, அவர்கள் ஆடிய ஆட்டம் வேறு வீட்டுப் பெண்களின் கலையாக மேடையேறியது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஏழெட்டு வயதுப் பெண் குழந்தையைக் கேட்காமல் அவள் வாழ்க்கையை முடிவு செய்தார்கள் என்பதிலும் உண்மை இருக்கிறது. நாகரத்தினம்மாளுக்குப் பதில் சொல்ல முடிந்தது, மனு எழுத முடிந்தது. அந்தக் குழந்தைக்கு முடியாது. நான் இந்த இடத்தில் முத்துலட்சுமி பக்கம் நிற்பது இதனால்தான்.

அவரும் சட்டத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. பொட்டுக்கட்டும் வழக்கத்திலிருந்து தப்பித்து வந்த மூன்று பெண்கள் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். தங்க வைக்க அந்த ஊரில் இடம் இல்லை. தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அவ்வை இல்லம் அப்படித்தான் 1930 வாக்கில் தொடங்கியது. அவர் தங்கை புற்றுநோயில் இறந்தார். அந்தத் துக்கம் முப்பது வருஷம் கழித்து, 1954இல், அடையாறு புற்றுநோய் மருத்துவமனையானது. பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கிய இடம். சேலம், தர்மபுரி, நாமக்கல் பக்கத்திலிருந்து ரயில் ஏறிப் போகிற நோயாளிகளுக்கு அது வெறும் 'அடையாறு'. எங்க சொந்தத்திலும் ஒருவர் அடையாறு போய்ப் பத்து வருஷம் கூடுதலாக வாழ்ந்தார். அவருக்கு அந்த இடத்தை ஆரம்பித்தவர் பெயர் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன்.

1968 ஜூலை 22 அன்று முத்துலட்சுமி காலமானார்.

*

இப்போது ராதாபாய்க்கு வருவோம்.

அவர் 1891இல் மங்களூரில் பிறந்தவர். அப்பா குத்முல் ரங்கராவ், ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியதற்காகச் சொந்தச் சாதியின் கோபத்தைச் சம்பாதித்தவர். ராதாபாய் சென்னை மாநிலக் கல்லூரியிலும் ஆக்ஸ்போர்டில் சோமர்வில் கல்லூரியிலும் படித்தார். 1912இல் சுப்பராயனைக் கல்யாணம் செய்தார். சாரஸ்வத பிராமணப் பெண்ணுக்கும் கொங்கு ஜமீன்தாருக்கும் அந்தக் காலத்தில் நடந்த, சாதியும் மொழியும் தாண்டிய கல்யாணம்.

1930இல் லண்டனில் முதல் வட்டமேசை மாநாடு நடந்தபோது இந்தியாவிலிருந்து இரண்டு பெண்கள் போனார்கள். ஒருவர் லாகூரைச் சேர்ந்த பேகம் ஜஹானாரா ஷாநவாஸ். இன்னொருவர் ராதாபாய் சுப்பராயன். இரண்டு பேரையும் அரசுதான் தேர்ந்தெடுத்தது. காங்கிரஸ் அந்த மாநாட்டைப் புறக்கணித்திருந்தது. இந்திய மாதர் சங்கமும் மற்ற பெண்கள் அமைப்புகளும் இவர்களைத் தங்கள் பிரதிநிதிகளாக ஏற்கவில்லை. பிறகு யாருக்கு ஓட்டு கொடுப்பது என்று ஆராய வந்த லோதியன் குழுவிலும் ராதாபாய் உறுப்பினராக இருந்தார்.

அவர் கேட்டது ஒன்றுதான். சட்டமன்றங்களில் பெண்களுக்குக் கொஞ்ச காலத்துக்காவது இடம் ஒதுக்க வேண்டும். பொதுத் தொகுதியில் நின்றால் பெண்களை யாரும் ஜெயிக்க விடமாட்டார்கள், முதலில் அவர்கள் அவைக்குள் உட்கார்ந்து பழக வேண்டும், மற்றவர்களும் அவர்களைப் பார்த்துப் பழக வேண்டும் என்பது அவர் கணக்கு.

முத்துலட்சுமியும் சரோஜினி நாயுடுவும் பெரிய பெண்கள் அமைப்புகளும் இதை எதிர்த்தார்கள். எங்களுக்குச் சலுகை வேண்டாம், வயது வந்த எல்லாருக்கும் ஓட்டு கொடுங்கள், சமமாக நின்று ஜெயிக்கிறோம் என்றார்கள். ஒதுக்கீடு என்று போனால் பெண்களையும் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று பிரித்துவிடுவார்கள் என்று பயந்தார்கள். அந்தப் பயம் வீண்போகவில்லை. 1932 வகுப்புவாரித் தீர்ப்பு அப்படித்தான் பிரித்தது. 1935 சட்டத்தில் சென்னை மாகாணச் சட்டசபையின் 215 இடங்களில் 8 பெண்களுக்கு என்று ஒதுக்கினார்கள். அந்த எட்டும் மதவாரியாகப் பங்கு போடப்பட்டவை.

நான் முன்னால் மனதில் வைக்கச் சொன்ன சொல்லுக்கு இங்கே வேலை வருகிறது. முத்துலட்சுமி அவைக்குள் போனது நியமனத்தில். பொதுத் தேர்தல் வழியாகப் போயிருந்தால் 1926இல் அவர் உள்ளே போயிருப்பாரா? கமலாதேவி போன்ற ஆற்றல் உள்ளவரே தோற்ற வருஷம் அது. நியமனம் என்பதும் ஒருவகையில் ஒதுக்கிக் கொடுத்த நாற்காலிதானே? அந்த நாற்காலி கிடைத்ததால்தான் 1929 சட்டம் வந்தது. ஆனால் தனக்குக் கிடைத்த கதவைப் பொதுவிதியாக வைக்க அவர் சம்மதிக்கவில்லை. இதை முரண்பாடு என்று சொல்லி அவரை மடக்க நான் விரும்பவில்லை. அந்நிய அரசிடம் சலுகை வாங்கினால் விடுதலைப் போராட்டம் பலவீனமாகும் என்ற அரசியல் அதில் இருந்தது. நாற்காலியைத் தூக்கி எறிந்துவிட்டு வெளியே வந்தவர் அவர். சொன்னதற்கு விலையும் கொடுத்தவர்.

இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். ராதாபாயின் வீட்டுக்காரர் நடத்திய ஆட்சியில்தான் முத்தையா முதலியார் அரசு வேலைகளில் வகுப்புவாரி இடஒதுக்கீட்டை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். பிராமணரல்லாதோர், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள், ஒடுக்கப்பட்டோர் எல்லாருக்கும் பங்கு பிரித்த உத்தரவு. பூட்டிய கதவு திறமையால் மட்டும் திறக்காது என்று அந்தத் தலைமுறைத் தமிழ் அரசியல் கண்டுபிடித்தாகிவிட்டது. சாதிக்குப் பொருந்துகிற நியாயம் பெண்ணுக்கு ஏன் பொருந்தாது என்பதுதான் ராதாபாய் கேட்டதன் சாரம் என்று நான் வாசிக்கிறேன்.

1938இல் அவர் காங்கிரஸ் சார்பில் மத்திய மேலவைக்குப் போட்டியின்றித் தேர்வானார். அந்த அவையின் முதல் பெண் உறுப்பினர். ஒதுக்கீடு கேட்டவர் பொது இடத்தில் போய் உட்கார்ந்தார், ஒதுக்கீடு வேண்டாம் என்றவர் நியமனத்தில் போய் உட்கார்ந்திருந்தார். வரலாறு இப்படியெல்லாம் குறும்பு செய்யும்.

1960இல் ராதாபாய் இறந்தார். அதற்குப் பிறகு அவர் பெயர் மற்றவர்களின் வாழ்க்கைக் குறிப்புக்குள் போய்விட்டது. முதல் மந்திரியின் மனைவி. ராணுவத் தலைமைத் தளபதி ஜெனரல் குமாரமங்கலத்தின் அம்மா. இந்திரா காந்தி அமைச்சரவையில் உருக்கு, சுரங்கத் துறை மந்திரியாக இருந்து 1973 விமான விபத்தில் இறந்த மோகன் குமாரமங்கலத்தின் அம்மா. கோவையில் தொழிலாளர்களோடு நின்ற கம்யூனிஸ்ட் எம்.பி. பார்வதி கிருஷ்ணனின் அம்மா. 1980களிலும் 90களிலும் சேலம் எம்.பி.யாக இருந்த ரங்கராஜன் குமாரமங்கலத்தின் பாட்டி. என் அப்பாயிக்கு ரங்கராஜன் குமாரமங்கலத்தை நன்றாகத் தெரியும். "கை சின்னத்துக்காரரு, வெள்ளவெளேர்னு இருப்பாரு, ஜீப்புல வந்து கும்பிட்டாரு" என்பார். அவருடைய பாட்டி ஓட்டுக்காக லண்டன் வரை போய்ப் பேசினார் என்று சொன்னபோது அப்பாயி கேட்ட கேள்வி: "யாரு ஓட்டுக்கு?"

உன் ஓட்டுக்குத்தான் என்றேன். அப்பாயி சிரித்துவிட்டு வெத்தலையை மடித்தார்.

எங்க ஊர் ஏரிக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். 1911இல் சேலம் நகரத்துக்குக் குடிதண்ணீர் கொடுக்க வெட்டியது பனமரத்துப்பட்டி ஏரி. மேட்டூர்த் தண்ணீர் வந்தது, நகரம் ஏரியை மறந்தது, சீமைக்கருவேலம் மண்டியது. குடித்த தண்ணீருக்கு யாரும் பெயர் கேட்பதில்லை.

*

என் சித்தி ஒருமுறை வார்டு மெம்பராக இருந்தார். பக்கத்து ஒன்றியத்தில் ஒரு கிராம ஊராட்சி. பெண்கள் வார்டு என்று அறிவிப்பு வந்ததும் சித்தப்பாவால் நிற்க முடியவில்லை. அதனால் சித்தி நின்றார். ஜெயித்தார். முதல் ஆறு மாதம் கூட்டத்துக்குச் சித்தப்பாதான் போனார், கையெழுத்து மட்டும் வீட்டுக்கு வரும். இந்தக் கதை தமிழ்நாட்டில் எல்லா ஊரிலும் உண்டு. 'மெம்பர் வீட்டுக்காரர்' என்று ஒரு பதவியே நம்மிடம் இருக்கிறது. ஒதுக்கீட்டைக் கிண்டல் செய்ய விரும்புகிறவர்கள் கதையை இங்கேயே நிறுத்திவிடுவார்கள்.

மிச்சத்தையும் சொல்கிறேன். ஒரு கோடையில் தெருக்குழாயில் எட்டு நாள் தண்ணீர் வரவில்லை. பெண்கள் குடத்தோடு வந்து கூப்பிட்டது சித்தப்பாவை இல்லை, சித்தியை. "நீதானக்கா மெம்பரு" என்றார்களாம். சித்தி அன்றைக்குத்தான் முதல்முறை ஊராட்சி அலுவலகப் படி ஏறினார். அப்புறம் இறங்கவில்லை. அஞ்சு வருஷம் முடிந்து வார்டு பொதுவுக்கு மாறியதும் அவரை யாரும் நிற்கச் சொல்லவில்லை. ஏன் நிக்கலை என்று கேட்டேன். "சீட்டு பொம்பளைக்குன்னு வந்துச்சு, போனேன். இல்லாட்டி எவன்டா என்னக் கூப்புட்டிருப்பான்? இப்ப மறுபடி அவுங்களுதாயிருச்சு" என்றார்.

ராதாபாயின் வாதத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. 2016இல் தமிழ்நாடு அதைப் பாதியாக்கியது. வட்டமேசை மாநாட்டில் ராதாபாய் கேட்டதைக் கிராமத்து நாற்காலிவரை கொண்டுவர நமக்கு அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அந்த நாற்காலியில் முத்துலட்சுமிக்கும் பங்கு உண்டு. எல்லாருக்கும் ஓட்டு என்ற அவருடைய கோரிக்கை ஜெயிக்காமல் இருந்திருந்தால், குடத்தோடு நின்ற பெண்களுக்குச் சித்தியைத் தட்டிக் கேட்கிற உரிமை வந்திருக்காது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் எதிர்த்துக்கொண்டே ஒரே வீட்டைக் கட்டியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் சட்டமன்றத்தில் அந்த வீடு பாதியில் நிற்கிறது. 1937இல் சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு ஒதுக்கிய இடம் 215க்கு 8. ஒதுக்கீடு இல்லாத சுதந்திர நாட்டில், 2021 தேர்தலில் தமிழ்நாட்டில் ஜெயித்த பெண்கள் 234க்கு 12. நூற்றுக்கு நாலு கூட இல்லாத இடத்திலிருந்து நூற்றுக்கு அஞ்சுக்கு வர எண்பத்து நாலு வருஷம். சமமாக நின்று ஜெயிக்கிறோம் என்று முத்துலட்சுமி சொன்னபோது கட்சிகள் சமமாகச் சீட்டு கொடுக்கும் என்று நம்பியிருப்பார். அந்த நம்பிக்கையைத்தான் கட்சிகள் ஏமாற்றின. 2023இல் பாராளுமன்றமும் சட்டமன்றங்களும் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று 106ஆவது திருத்தம் நிறைவேறியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகு என்று அதிலேயே ஒரு வரி போட்டிருந்தார்கள்.

*

இறந்தவர்களைக் கௌரவிக்கத் தமிழ்நாட்டுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. சிலை வைப்போம், தெருவுக்குப் பெயர் வைப்போம். சென்னை மாகாணத்தின் முதல் பெண் மந்திரி ருக்மணி லட்சுமிபதி பெயரை மார்ஷல் ரோட்டுக்கு வைத்தோம். முத்துலட்சுமியின் பிறந்தநாளை மருத்துவமனை நாளாகக் கொண்டாட அரசு சொல்லியிருக்கிறது. 2019இல் கூகுள்கூட தன் முகப்பில் அவர் படத்தைப் போட்டது. இதில் எதையும் நான் குறை சொல்லவில்லை.

ஆனால் எங்க ஊர் அனுபவத்தில் எனக்கு ஒன்று பிடிபடுகிறது. மகப்பேறு உதவித் திட்டத்துக்கு முத்துலட்சுமி பெயரை வைத்தவர்கள் தெரிந்து வைத்தார்களோ தெரியாமல் வைத்தார்களோ, சரியாக வைத்தார்கள். இன்று அதன் மதிப்பு 18,000 ரூபாய். 14,000 ரொக்கம், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகம். பணம் மாமனார் கைக்குப் போகாது, கர்ப்பிணியின் சொந்தக் கணக்குக்குப் போகும். அதற்காகவே வாழ்க்கையில் முதல் பேங்க் கணக்கைத் திறந்த பெண்களை எனக்குத் தெரியும். இன்னொரு நிபந்தனையும் உண்டு. தாய்க்குப் பத்தொன்பது வயது நிரம்பியிருக்க வேண்டும். 1928இல் அவையில் நின்று வயதுக் கணக்குப் பேசியவரின் குரல் அந்த விண்ணப்பத்தின் ஒரு கட்டத்தில் இன்னும் இருக்கிறது. தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992இல் முதன்முதலில் ஆரம்பிக்க வேண்டியிருந்த மாவட்டம் இது. பெண் குழந்தை பிறந்தால் என்ன ஆகும் என்று நாடே கேட்ட மாவட்டம். இங்கே அந்தக் கட்டம் சும்மா கிடைத்ததில்லை.

மூவலூர் அம்மையாரின் பெயரும் இப்படித்தான். முன்பு திருமண உதவித் திட்டமாக இருந்தது 2022இல் கல்லூரி போகிற பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாயாக மாறியது. கல்யாணச் செலவிலிருந்து படிப்புச் செலவுக்கு நகர்ந்தது. பெண்கள் அதைப் புதுமைப் பெண் என்றே சொல்கிறார்கள். ராமாமிர்தம் அம்மையார் பெயர் மெல்லத் தேய்கிறது. ஆனால் தாலிக்குத் தங்கம் என்பதைவிட, படிக்கிற பெண்ணின் கையில் ஆயிரம் ரூபாய் என்பதை அவர் அதிகம் விரும்பியிருப்பார் என்று நினைக்கிறேன்.

ராதாபாய்க்கு அப்படி ஒன்று கிடைக்கவில்லை. அவர் இல்லம் கட்டவில்லை, ஆஸ்பத்திரி கட்டவில்லை. அவர் விட்டுப்போனது ஒரு வாதம். வாதத்துக்குச் சிலை வைக்க முடியாது, ரிப்பன் வெட்ட முடியாது. அரசு நியமித்த ஆள், ஜமீன் வீட்டுப் பெண் என்று அவரை ஒதுக்க நல்ல காரணங்கள் நம் கையில் இருந்தன. அவரோடு சேர்த்து அவர் கேட்டதையும் ஒதுக்கிவிட்டோம். அவர் வட்டமேசைக் காலத்தில் எழுதியதும் பேசியதும் ஆங்கில ஆவணங்களில் இருக்கின்றன. முத்துலட்சுமியின் சட்டமன்ற உரைகளும் அப்படியே. இந்த இரண்டு பேரின் வாதங்களையும் எதிரெதிர்ப் பக்கமாக அச்சிட்டு ஒரே புத்தகமாகத் தமிழில் கொண்டுவந்தால், அதைப் பஞ்சாயத்து மெம்பர்களுக்கான பயிற்சியில் கொடுத்தால், ஆளுயர மாலையைவிட அது பெரிய மரியாதை. மொழிபெயர்க்கத் தெரிந்த இளைஞர்கள் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள் என்று தெரிந்துதான் இதை எழுதுகிறேன்.

பனமரத்துப்பட்டி என்ற பெயரில் ஒரு சட்டமன்றத் தொகுதி முன்பு இருந்தது. 2006 தேர்தலோடு முடிந்தது, மறுவரையறையில் காணாமல் போனது. அடுத்த மறுவரையறையில் எங்க ஊர் எந்தத் தொகுதிக்குள் போகும், அந்தத் தொகுதி பெண்களுக்கு வருமா என்று எனக்குத் தெரியாது. வந்தால் கட்சிக்காரர்கள் வழக்கம்போல வீட்டுக்காரியையோ மகளையோ நிறுத்தப் பார்ப்பார்கள். முதல் ஆறு மாதம் எம்.எல்.ஏ. வீட்டுக்காரர்தான் கூட்டத்துக்குப் போவார். நடக்கட்டும். தண்ணீர் வராத எட்டாவது நாள் குடத்தை எடுத்துக்கொண்டு போய் அந்த அம்மாவையே கூப்பிட எங்க ஊர்ப் பெண்களுக்குத் தெரியும்.